இருநூற்றுப் பதின்மூன்றின் பின்பக்கம்

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு அதுவரை காணாமல் போன பூனை கேஸ் வந்திருக்கிறது. காணாமல் போன மாப்பிள்ளை கேஸ் வந்திருக்கிறது. ஒரு தடவை காணாமல் போன பல்செட் கூட வந்தது. காணாமல் போன பக்கம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"ஒரு தாள்தானே ஐயா? வேற புத்தகத்துல இருந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிடலாமே," என்றேன்.

"வேற பிரதி கைக்குக் கிடைக்கலம்மா. அந்தத் தாள்ல என்ன இருக்குங்கறதை வெச்சுத்தான் ஒரு பொம்பளையோட, அவ மகளோட விஷயமே முடிவாகணும்," என்றார் போதகர்.

எங்கள் சார் என்னை முறைத்தார். துப்பறிகிறவர் அவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேஜை முழுக்கத் தேடுகிற அளவுக்குப் பெரிய மூளை. நான் அவருடைய உதவியாளர். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வாயாடி. சம்பள ரசீதில் மட்டும்தான் வேறு பெயர் இருக்கும்.

சபைக் கட்டடத்தின் பின்னால் இருந்த நூலக அறையில் நின்றுகொண்டிருந்தோம். சுவர் முழுக்க அலமாரி, நடுவில் ஒரு நீள மேஜை, அதன் மேல் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு டேபிள் ஃபேன். போதகருக்கு நாற்பது வயது இருக்கும். தூக்கம் கெட்ட முகம்.

"யோவான் எழுதின சுவிசேஷத்துல எட்டாம் அதிகாரம்," என்று ஆரம்பித்தார். "விபசாரத்துல பிடிபட்ட ஒரு பொண்ணைக் கொண்டுவந்து எல்லார் நடுவுலயும் நிறுத்துவாங்க. கல்லெறியலாமான்னு இயேசுகிட்ட கேட்பாங்க. பாவமே செய்யாதவன் முதல் கல்லைப் போடட்டும்னு அவர் சொன்னதும், ஒவ்வொருத்தரா நழுவிடுவாங்க."

"அது தெரியுமே. பிரசங்கத்துல தூங்கற எனக்கே தெரியும்."

"ஆனா இருக்கறதுலயே பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அந்தப் பகுதி இல்ல. இது உண்மை, நான் மறைக்கறதில்ல. அதனாலதான் இவ்வளவு வம்பு."

வம்பை அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். இந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு அக்கா. எல்லாருக்கும் நூலக அக்கா. சில வருஷங்களுக்கு முன்பு, இதே சபையில் இருந்த ஒரு கல்யாணமான ஆளோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டு, விஷயம் வெளியே வந்துவிட்டது. சபை அக்காவைத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்தது. அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் முன்னால் போகும்போது அக்கா மட்டும் கடைசி வரிசையில் கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

"அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"வேற சபைக்குப் போயிட்டார். அங்க பாடகர் குழுவுல முன்வரிசையாம்."

"பாடத்தான் வாயைத் திறப்பார் போல."

போதகர் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு அக்காவோட மக முதல் தடவையா திருவிருந்து வாங்கப் போறா. அன்னிக்கு மக பக்கத்துல முழங்கால் போடணும்னு அக்கா கேக்கறாங்க. நான் சரின்னு சொன்னேன். எங்க சபையில இருக்கற பேராசிரியர் ஒருத்தர் கூடாதுன்னார். எந்த வசனத்தை வெச்சு மன்னிக்கிறீங்களோ அதுவே பின்னாடி யாரோ சொருகினதுன்னு சொல்றார். ரெண்டு பேரும் சபை முன்னாடி விவாதம் பண்ணுங்க, ஆதித் திருச்சபைக்காரங்க எழுதினதுல இருந்து ஆதாரம் காட்டுங்க, அப்புறம் ஓட்டெடுப்போம்னு சபைக் குழு முடிவு பண்ணிடுச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு விவாதம். காலையில பேராசிரியர் ஆதாரத்துக்கு நம்பியிருந்த புத்தகத்தை எடுத்தா முக்கியமான பக்கத்தைக் காணோம்."

அப்போது பேராசிரியரே உள்ளே வந்தார். ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட பேச்சு. மேஜையில் இருந்த புத்தகம் ஆதித் திருச்சபை எழுத்துகளின் மொழிபெயர்ப்புத் தொகுப்பு, மூன்றாம் பாகம். தடித்த பழைய புத்தகம். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இது என் சொந்தப் புத்தகம். ஓய்வு பெற்றபோது நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். வரிக்கு வரி படித்தவன் நான். கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். யோவான் எட்டாம் அதிகாரம், பக்கங்கள் 214, 215. இப்போது இங்கே பாருங்கள். இது 213." தாளைப் புரட்டினார். "இது 216! பார்த்தீர்களா?"

பார்த்தோம். நன்றாகவே பார்த்தோம். சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, புத்தகத்தின் நடு மடிப்பில் நகத்தை ஓட்டினார்.

"அடிக்கட்டையே இல்ல," என்றார். குரலில் ஒரு சந்தோஷம். "பிளேடால வெட்டியிருந்தா தாளோட ஒரு துணுக்காவது தையல்ல நிக்கும். இங்க சுத்தமா இல்ல. இது சாதாரண ஆள் வேலை இல்ல."

"அந்தப் பக்கத்துல என்ன சார் இருந்துச்சு?" என்று பேராசிரியரைக் கேட்டேன்.

"ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு ஆயரின் சாட்சி. இந்தப் பகுதி சில பிரதிகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். என் வாதத்தின் முதுகெலும்பே அதுதான்."

"நீக்கினாங்களா? ஏன் நீக்கினாங்களாம்?"

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "அது... அடுத்த பக்கத்தில் விரிவாக இருக்கிறது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் விரலை மடக்கினார். அவருடைய புகழ்பெற்ற இரண்டு கேள்விகள். "லாபம் யாருக்கு? சாவி யார்கிட்ட?"

அக்காவைக் கூப்பிட்டோம். ஒல்லியான உருவம், கையில் பசை வாசம். பாட்டுப் புத்தகங்கள் கிழிந்தால் தைத்து ஒட்டுவது அவர்தான். மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் திறந்தார். ஊசி, மெழுகு பூசிய நூல், பசை டப்பா, பிளேடு.

"இந்தப் புத்தகத்தை எப்பவாவது தைச்சீங்களா?" என்று சார் கேட்டார்.

"இல்லங்க. இதுக்குத் தையலே தேவைப்படல. யாராவது எடுத்தாத்தானே கிழியும்?"

"அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. நான் படிச்சதில்ல. எடுக்கவும் இல்ல." அவ்வளவுதான். அழவில்லை, சத்தியம் பண்ணவில்லை. சத்தியம் பண்ணாதவர்களைப் பார்த்தால் எங்கள் சாருக்குச் சந்தேகம் வரும். பண்ணினாலும் வரும்.

அக்கா வெளியே போனதும் சார் என் பக்கம் திரும்பினார். "தைக்கத் தெரிஞ்ச கை. இழுப்பறையில பிளேடு. இடுப்புல சாவி. அந்தப் பக்கம் போனா பேராசிரியர் தோப்பார், இவங்க ஜெயிப்பாங்க. முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்," என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேஸ் முடிந்ததில் எனக்கு ஏக சந்தோஷம். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம்தான் முதலில் சுடுகிறது.

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பியிருந்தது. விவாதம் ஆரம்பமாகும்போதே சூடாகத்தான் இருந்தது.

"முதல் ஆயிரம் வருஷத்தில் கிரேக்க மொழியில் உரை எழுதியவர்களில் ஒருவர்கூட இந்தப் பகுதியைத் தொடவில்லை," என்றார் பேராசிரியர். "எழுதாத ஒன்றுக்கு எப்படி ஐயா உரை எழுதுவார்கள்?"

"உரை எழுதலைன்னா கதையே தெரியாதுன்னு அர்த்தமா?" என்றார் போதகர். "மூணாம் நூற்றாண்டுலயே ஆயர்களுக்கு ஒரு அறிவுரைப் புத்தகம் இருந்துச்சு. மனம் திரும்பி வர்றவங்களைச் சேர்த்துக்க மாட்டேன்னு சொல்ற ஆயருக்கு அது என்ன சொல்லுது? அந்தப் பொண்ணை ஆண்டவர் எப்படி அனுப்பி வெச்சார்னு ஞாபகப்படுத்துது. வேதத்தை லத்தீன்ல மொழிபெயர்த்தவரும், கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் பல பிரதிகள்ல இதைப் பார்த்தேன்னு எழுதி வெச்சிருக்கார்."

"பல பிரதிகளில்! எல்லாவற்றிலும் அல்லவே! சரி, என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன்." பேராசிரியர் புத்தகத்தை உயர்த்தினார். "வர முடியாது. ஏனென்றால் அந்தப் பக்கம் திருடப்பட்டுவிட்டது."

கூடம் சலசலத்தது. சார் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, மேடை கிடைத்தால் எங்கள் சார் அப்படியே மலர்ந்து போவார். அடிக்கட்டை இல்லாததைச் சொன்னார். தையலைப் பிரித்து, தாளை உருவி, மறுபடி தைத்திருக்க வேண்டும் என்றார். இழுப்பறையில் கிடைத்த பிளேடை எல்லாரும் பார்க்கும்படி மேஜையில் வைத்தார். லாபம் யாருக்கு, சாவி யார்கிட்ட என்று இரண்டு விரலை நீட்டினார். பெயர் சொல்லவே தேவையில்லை. அத்தனை தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது.

"முன்னால வாங்கம்மா," என்று குழுச் செயலாளர் கூப்பிட்டார். அக்கா எழுந்து நடுப்பாதை வழியாக வந்து, நாற்காலிகளுக்கு நடுவே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அது எப்படிங்க, ஒரு தடயமும் இல்லாம ஒரு தாளை உருவ முடியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "போன தடவை சபைக்கே தெரியற மாதிரி மாட்டிக்கிட்டாங்க. இந்தத் தடவை தடயமே இல்ல. முன்னேற்றம்தான்!"

கூடம் சிரித்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் ஒரே ஒரு முகம் சிரிக்கவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அவள்தான் மகள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் அழவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து பிளேடுக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் எடுக்கல," என்றார். சிரிப்புச் சத்தத்தில் அது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

குழு தனியாகக் கூடிப் பேச இடைவேளை விட்டார்கள். புத்தகத்தைப் பத்திரமாக நூலகத்தில் வைக்கச் சொல்லி சார் என்னை அனுப்பினார். எனக்கும் அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. நூலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முகத்தில் காற்றுப் படட்டும் என்று ஃபேனைப் போட்டுவிட்டு, புத்தகத்தை மேஜையில் விரித்தபடியே போட்டேன். எனக்கு என்ன கேடு வந்தது, ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபேன் தலையைத் திருப்பியது. விரிந்திருந்த தாள் உப்பியது.

புரளவில்லை. உப்பியது. கடையில் கொடுக்கும் காகிதப் பையை ஊதினால் உப்புமே, அது மாதிரி. கையால் அமுக்கினேன், படிந்தது. ஃபேன் மறுபடி திரும்பியதும் மறுபடி உப்பியது. அடி ஓரத்தில் விரலை விட்டேன். விரல் தாளுக்குள்ளே போனது. தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளே எழுத்து. உள்ளே 214. அதற்கு எதிரே 215.

அடக் கடவுளே!

தாளைப் புரட்டினேன். இந்தப் பக்கம் 213. அதே தாளின் பின்பக்கம் 216. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் எல்லார் கண் முன்னாலும் பேராசிரியர் புரட்டிக் காட்டியது இதைத்தானே! ஒரு தாளை யாராவது உருவியிருந்தால், இடது பக்கத்துக்கும் எதிரே இருக்கும் வலது பக்கத்துக்கும் நடுவில் எண் குதிக்க வேண்டும். ஒரே தாளின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் பக்கத்தை எந்தத் திருடனால் திருட முடியும்?

கதவைத் திறந்து சாரைக் கத்திக் கூப்பிட்டேன். வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தாளின் அடி ஓரத்தில் ஊதிக் காட்டினேன். சார் கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருந்தது.

"ஓரம் வெட்டாத புத்தகம்," என்றார் கடைசியில். குரல் பாதியாகியிருந்தது. "பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சு, அப்படியே தைச்சு வித்துடுவாங்க. ஓரத்துல மடிப்பு ஒட்டியே இருக்கும். படிக்கறவன் கத்தியை வெச்சுக் கீறிக் கீறிப் படிக்கணும்."

"அப்போ கீறாத பக்கம்?"

"படிக்காத பக்கம்."

அடுத்த தாளைப் புரட்டினேன். முன்பக்கம் 217, பின்பக்கம் 220. அதற்கப்புறமும் அப்படியேதான் போயிற்று. புத்தகத்தின் முன்பாதிதான் கீறியிருந்தது. வரிக்கு வரி படித்த புத்தகம்! பிளேடே படாத பக்கத்துக்கு ஒரு பொம்பளையின் பிளேடைச் சாட்சியாக வைத்திருந்தோம்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். "அடிக்கட்டை இல்லன்னா தாள் போகவே இல்லன்னு அர்த்தம். அது சின்னப் பசங்களுக்குக் கூடத் தோணும். எனக்குத் தோணல வாயாடி. கெட்டிக்காரத் திருடி வேணும்னு ஆசைப்பட்டேன். அப்பத்தானே நான் கெட்டிக்காரன்."

"போதகர்கிட்ட தனியா சொல்லிட்டுக் கிளம்பிடலாமா சார்?" எனக்கு உண்மையாகவே ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"அவமானப்படுத்தினது எல்லார் முன்னாடியும். மன்னிப்புக் கேக்கறது மட்டும் தனியாவா?" என்று எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அவர் நடை தளர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூடத்தில் அக்கா இன்னும் நடுவிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். சார் மேடைக்குப் போகாமல் நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"திருட்டே நடக்கலம்மா. நான் முட்டாள்," என்றார். பிறகு எல்லாரும் கேட்கும்படி மறுபடி சொன்னார். புத்தகத்தைத் தூக்கி, தாளின் அடியில் ஊதினார். தாள் உப்பியது. 213 காட்டினார், திருப்பி 216 காட்டினார். "உள்ள ரெண்டு பக்கமும் பத்திரமா இருக்கு. அச்சடிச்ச நாள்ல இருந்து அது வெளிச்சத்தையே பாக்கல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பேராசிரியரைப் பார்த்தார்கள். கஞ்சி போட்ட சட்டைக்கு மேல் கழுத்து சிவந்துவிட்டது.

"நான்... ஒரு கட்டுரையில் படித்தேன்," என்றார். "பக்க எண் அதில் இருந்தது. அதையே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

போதகர் பிளேடை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "நீங்களே கீறிக் குடுங்கம்மா. உங்க கைதான் சுத்தமா வெட்டும்."

"நான் அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டேங்க," என்றார் அக்கா.

போதகரின் கை அப்படியே நின்றது. சார் பிளேடை வாங்கித் தானே கீறினார். ஓரம் கோணல் மாணலாகப் போயிற்று. பிளேடை மேஜையில் வைத்துவிட்டு, புத்தகத்தைப் பேராசிரியர் கையில் கொடுத்தார். "உங்க சாட்சி சார். நீங்களே படிங்க."

பேராசிரியர் படித்தார். பழைய ஆயர் எழுதியதன் சாரம் இதுதான். விசுவாசம் குறைந்த சிலர் இந்தப் பகுதியைத் தங்கள் பிரதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார். எதற்காக என்றால்... அங்கே பேராசிரியரின் குரல் நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க. முழுசாப் படிங்க," என்று இரண்டாம் வரிசையிலிருந்து அவருடைய மனைவி சொன்னார்.

படித்தார். இதைக் கேட்டால் தங்கள் மனைவிமார் தண்டனை இல்லை என்று துணிந்து பாவம் செய்துவிடுவார்களோ என்று பயந்து, அந்த மன்னிப்பையே எடுத்துவிட்டார்களாம். கூடத்தில் பெண்கள் பக்கம் யாரும் இருமக்கூட இல்லை. ஆண்கள் பக்கம் எல்லாரும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இதுவும் அந்த ஆயரோட யூகம்தான்," என்றார் போதகர் மெதுவாக. "பழைய பிரதிகள்ல இல்லங்கறது இப்பவும் உண்மைதான். இதை வெச்சு நான் ஜெயிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு நாம ஒரு பொண்ணை நடுவுல நிறுத்தினோமே, அதுக்கு எந்தப் பிரதியும் தேவைப்படல. பேசாம பாத்துக்கிட்டிருந்ததுல நானும்தான் சேர்த்தி."

பேராசிரியர் புத்தகத்தை மூடினார். பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நடுப்பாதை வழியாக வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, செயலாளர். அதற்கப்புறம் முன்வரிசைப் பெரியவர்கள், வயதானவர்கள் முதலில், மற்றவர்கள் பின்னால். நாற்காலி நகரும் சத்தம் மட்டும்தான். அந்த வசனத்தில் வருகிற மாதிரியே ஒவ்வொருவராகப் போனார்கள். எனக்கும் கால் வாசல் பக்கம் திரும்பியது.

"எங்க போறாங்க எல்லாரும்?" என்றார் அக்கா.

போதகர் தயங்கினார். "வெக்கமா இருக்கும்மா அவங்களுக்கு. அந்தக் கதையிலயும் கடைசியில எல்லாரும் போயிடுவாங்க."

"அந்தக் கதைப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்னு நின்னா. எல்லாரும் போனது அவளுக்கு நல்லதாப் போச்சு." அக்காவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நான் உள்ள வரணும்னு நிக்கறேன். எல்லாரும் போயிட்டா நான் யாரோடங்க சேர்றது? யார் ஓட்டுப் போடுவாங்க? அடுத்த ஞாயிறு எம் பொண்ணு தனியாத்தானே முழங்கால் போடுவா?"

சார் ஓடினார். அந்த வயதில், அந்தத் தொந்தியோடு, வெளிவாசல் வரை ஓடி, கேட்டை இழுத்துச் சாத்திக் குறுக்கே நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நகருங்கள்," என்றார் பேராசிரியர். கண் கலங்கியிருந்தது. "எந்த முகத்தோடு உள்ளே உட்காருவது?"

"எனக்கு மட்டும் நல்ல முகம் இருக்கா?" மூச்சு வாங்கியது சாருக்கு. "வெக்கப்படறதா இருந்தா உள்ள வந்து உக்காந்து படுங்க சார். வீட்ல போய்ப் படற வெக்கம் அந்தம்மாவுக்கு எதுக்கு ஆகும்?"

பேராசிரியரின் மனைவிதான் முதலில் திரும்பினார். அப்புறம் பேராசிரியர். போன வரிசையிலேயே திரும்பி வந்தார்கள், அதைவிட மெதுவாக. வந்தவர்கள் பழைய இடத்தில் உட்காரக் கூசி, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரட்டைப் பின்னல் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாளே தவிர எழுந்து போகவில்லை.

அக்காவைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கை தூக்கும்படி போதகர் கேட்டார். கைகள் தூக்கப்பட்டன. பேராசிரியரின் கை மட்டும் நடுவழியில் நின்று நின்று, கடைசியில் முழுசாக மேலே போனது.

அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"அக்கா," என்றாள். என்னைத்தான். "அப்போ ஒரு ஜோக் சொன்னீங்களே. அதை இப்போ ஒரு தடவை சொல்லுங்க."

"வேணாம்மா," என்றேன்.

"சொல்லுங்க. இப்போ யார் சிரிக்கறாங்கன்னு நான் பாக்கணும்."

கூடமே என்னைப் பார்த்தது. இவ்வளவு நேரம் சிரித்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடு, வாயை மூடு என்று தினமும் சொல்கிற சார், நான் எதையாவது பேசித் தொலைக்க மாட்டேனா என்பது மாதிரி பார்த்தார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"மன்னிச்சிடும்மா," என்று முணுமுணுத்தேன்.

"கேக்கல. அப்போ சத்தமாத்தானே சொன்னீங்க?"

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனேன். அக்கா நின்ற அதே இடம். அங்கே நின்று பார்த்தால் எல்லார் கண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அக்காவைப் பார்த்து, கூடத்தின் கடைசிச் சுவர் வரை கேட்கும்படி, நான் சொன்னது கேவலமான பேச்சு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். திரும்பச் சொன்னேன்.

அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மேஜையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிளேடை எடுத்து சாரின் கையில் கொடுத்து, "மிச்சப் பக்கத்தையும் கீறி வெச்சுட்டுப் போங்க. இனிமேலாவது யாராவது படிக்கட்டும்," என்றார். மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், என் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"அடுத்த ஞாயிறு வாம்மா," என்றார். "கடைசி வரிசையில கடைசி நாற்காலி காலியாத்தான் இருக்கும். உக்காந்து பாரு."